பழைய படகும் விடாப்பிடிப் பசையும்

ஒட்டுவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒட்டியதைப் பிரிப்பது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பலரும் தலையைச் சொறிவார்கள். பசை தயாரிக்கும் நிறுவனங்களும் தங்கள் சரக்கு எவ்வளவு உறுதியாகப் பிடிக்கும் என்றுதான் விளம்பரம் செய்கின்றனவே தவிர, ஐம்பது ஆண்டுகள் கழித்து அதை எப்படி விடுவிப்பது என்று டப்பாவில் எழுதுவதில்லை. இந்தக் கேள்விக்கு விடை தேட மிகப் பொருத்தமான ஓர் இடம் உண்டு. அதுதான் பழைய படகின் உள்தரை.

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் 1960களிலும் 1970களிலும் கண்ணாடியிழையால் ஆன சிறிய மோட்டார் படகுகள் ஏராளமாக ஓடின. கிளாஸ்ட்ரான், பேலைனர், சீ ரே ஆகிய நிறுவனங்கள் எல்லாம் 1950களின் பிற்பாதியில் தோன்றியவையே. கண்ணாடியிழைக் கூடு எளிதில் அழியாது. அதனால் தார்ப்பாய் போர்த்தி வீட்டுப் பின்புறங்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் அந்தப் படகுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிப் புதுப்பிப்பது அங்கே பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. வாங்கியவர் முதல் வேலையாக உள்ளே விரித்திருக்கும் கம்பளத்தைப் பிடித்து இழுப்பார். மக்கிப்போன கம்பளம் சில நிமிடங்களில் வந்துவிடும். அதன் அடியில் இருந்த பசை மட்டும் வராது! மஞ்சளும் பழுப்புமாக, சீப்பால் வாரிவிட்டது போன்ற வரிகளோடு, கம்பளத்தின் அடித்துணியையும் ஆங்காங்கே பிடித்து வைத்துக்கொண்டு, "முடிந்தால் எடுத்துப் பார்" என்று அது தரையில் படிந்திருக்கும்.

அந்த நிலையில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி: "எந்தத் திரவத்தை ஊற்றினால் இது போகும்?" உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் படகைக் கெடுத்திருக்கிறார்கள். சிலர் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். படகு நம்மிடம் இல்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முதலாம் ஆண்டு வேதியியல் பாடத்தில் நாம் மனனம் செய்துவிட்டு மறந்த சில செய்திகள் இங்கே கத்தியும் சுரண்டியுமாக வேலை செய்வதைக் காணலாம்.

கம்பளம் மறைத்தது என்ன?

தண்ணீரில் மிதக்கும் பொருளுக்குள் கம்பளம் விரிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது என்று நீங்கள் வியக்கலாம். காரணம் பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழி. இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா 1954ஆம் ஆண்டு அதை ஒழுங்கான அமைப்புடன் உருவாக்கிக் காட்டினார். 1957இல் அது வணிக முறையில் உற்பத்தியானது. இந்த இழை தண்ணீரை உறிஞ்சாது, மக்காது, விலையும் மலிவு. வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் விரிக்கலாம் என்று 1960களில் விற்கப்பட்ட கம்பளங்கள் இதனால் ஆனவைதாம். படகுக் கட்டுநர்களுக்கு இது வரப்பிரசாதமாகிவிட்டது. தரையின் கரடுமுரடுகளை மறைக்கலாம், வெறுங்காலுக்கு இதமாக இருக்கும், பெயின்ட் அடிக்கும் கூலியும் மிச்சம்.

ஆனால், இழை தண்ணீரை உறிஞ்சாது என்பது ஒன்று. இழைகளுக்கு இடையே தண்ணீர் தங்காது என்பது வேறு. மழைநீரும் ஏரிநீரும் கம்பளத்தின் அடியில் தங்கி, காற்றுப் படாமல், மாதக்கணக்கில் பலகையை நனைத்துக்கொண்டே இருக்கும். அக்காலப் படகுகள் பலவற்றில் உள்தரை என்பது ஒட்டுப்பலகைதான். சிலவற்றில் அதன்மேல் மெல்லிய கண்ணாடியிழைப் பூச்சு இருக்கும். சிலவற்றில் வெறும் பெயின்ட் மட்டுமே. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு வழி பிறந்துவிடும். திருகாணித் துளைகளிலும் பலகையின் வெட்டுவிளிம்புகளிலும்தான் அழுகல் முதலில் தொடங்கும்.

ஆகவே சுரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னர் திருப்புளியை எடுக்க வேண்டும். அதன் கைப்பிடியால் தரை முழுவதும் தட்டிக்கொண்டே போனால், நல்ல பலகை 'டக் டக்' என்று தெளிவாக ஒலிக்கும். அழுகிய இடம் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் குத்தூசியை அழுத்தினால் தெரிந்துவிடும். நல்ல மரம் தடுக்கும், அழுகிய மரம் வெண்ணெய்போல வழிவிடும். இருக்கைகளின் அடியையும் படகின் பின்பலகையை ஒட்டிய மூலைகளையும் தட்டாமல் விடக்கூடாது. மூன்று வார இறுதிகளைப் பசை சுரண்டுவதில் கழித்துவிட்டு, நான்காவது வாரம் அந்தப் பலகையையே அறுத்து எறிந்தவர்கள் உண்டு. தரை அழுகியிருந்தால் பசையைப் பற்றிக் கவலையே வேண்டாம். பசையோடு சேர்த்துப் பலகையை வெட்டியெடுத்துப் புதுப் பலகை பதிப்பதுதான் முறை. தரையைத் தாங்கும் நெடுக்குச் சட்டங்களையும் அப்போதுதான் பார்க்க முடியும். என் கருத்தில், பசை நீக்கும் வேலையின் உண்மையான பயன் அழகு அன்று. அரை நூற்றாண்டாக மறைந்திருந்த மரத்தைக் கண்ணால் காண்பதுதான்.

பலகை நலமாக இருக்கிறது என்று தெரிந்த பின்னர்தான் பசையின் குலம் கோத்திரத்தை விசாரிக்க வேண்டும்.

பசையின் பிறப்பும் முதுமையும்

அந்நாள் கம்பளப் பசைகளில் பெரும்பகுதி ரப்பர் வகையைச் சேர்ந்தவை. தண்ணீரில் ரப்பர் துகள்கள் மிதக்கும் பால் போன்ற பசை ஒரு வகை. அது காய்ந்தால் வெளிர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரைக் கரைப்பானில் கரைத்துச் செய்த பசை இன்னொரு வகை. இரு பரப்பிலும் தடவி, சற்று உலரவிட்டு, அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும். தேன் நிறத்தில் மெல்லிய தோல்போல இருக்கும். பிற்காலத்தில் வந்த அக்ரிலிக் பசைகள் வெண்மையாகவோ நிறமின்றியோ காணப்படும். கறுப்பு நிறத்தில் தார் போல ஏதேனும் தென்பட்டால் மட்டும் உடனே கையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் சொன்ன ரப்பர்ப் பசைக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளும் அவர்கள் கைக்குப் போனதும், அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நின்றுபோனது. நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் வெட்டிய தோட்டங்களின் சரக்கு இல்லாமல் டயருக்கும் பூட்சுக்கும் வழியில்லாமல் போன அமெரிக்கா, ஸ்டைரீனையும் பியூட்டாடையீனையும் இணைத்துச் செய்யும் செயற்கை ரப்பரைப் பேரளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. போர் முடிந்த பின்னரும் அந்த ஆலைகள் மூடப்படவில்லை. டயருக்குப் போக மீதி வழிகளைத் தேடிய அந்த ரப்பர்ப் பால், தரைப் பசைக்குள்ளும் கம்பளத்தின் முதுகுப் பூச்சுக்குள்ளும் புகுந்தது. ஏதோ ஓர் அமெரிக்க ஏரிக்கரையில் ஒருவர் முட்டி தேயச் சுரண்டிக்கொண்டிருக்கும் பசையின் வரலாற்றில் நம் தோட்டங்களின் பெயரும் இருக்கிறது!

ரப்பரும் பசையும் பாலிமர்கள், அதாவது ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த நீண்ட சங்கிலிகள். புதிதாக இருக்கும்போது இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்குமே தவிர, கட்டப்பட்டிருப்பதில்லை. காலப்போக்கில் காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைத் தாக்குகிறது. இங்கே இரண்டு ரப்பர்களும் இரு வேறு வழியில் முதுமை அடைகின்றன. இயற்கை ரப்பரில் சங்கிலிகள் அறுபடுவதே மிகுதி. ஆகவே அது முதலில் இளகிப் பிசுபிசுக்கும். பழைய ரப்பர் வளையத்தை மேசை இழுப்பறையில் கண்டிருப்பீர்களே, அதே கதைதான். ஸ்டைரீன் வகையிலோ சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகி, அது இறுகி, நொறுங்கும் தன்மையை அடைகிறது.

குறுக்குப் பிணைப்பு ஏற்பட்டுவிட்ட பாலிமரை எந்தக் கரைப்பானும் கரைக்க முடியாது. நூல்கண்டைப் பிரிக்கலாம், நூலால் பின்னி முடிச்சிட்ட வலையைப் பிரிக்க முடியுமா? கரைப்பான் உள்ளே புகுந்து வலையை ஊதிப் பெருக்க வைக்கும், அவ்வளவுதான். படகுத் தரையில் திரவத்தை ஊற்றிவிட்டு, சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோலப் பசை கரைந்து ஓடும் என்று காத்திருப்பவர் ஏமாறுவது இதனால்தான். நமக்குத் தேவை கரைப்பது அன்று. ஊறி உப்ப வைத்துப் பிடியைத் தளர்த்துவது. சுரண்டும் வேலை எப்படியும் இருக்கத்தான் செய்யும்.

படகு ஒரு கிண்ணம்

திரவத்துக்கு வருமுன் ஒரு கணக்குப் போடுவோம். அறிவியல் படிக்காத நண்பர்கள் கணக்கைத் தாண்டி விடையை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

காற்றின் சராசரி மூலக்கூற்று எடை 29. அசிட்டோனின் எடை 58. ஆகவே அதன் ஆவி காற்றைவிட இரு மடங்கு கனமானது. டொலுயீனுக்கு 92, மூன்று மடங்குக்கும் மேல். இந்த ஆவிகள் மேலெழுந்து காற்றோடு கலந்து போய்விடும் என்று எண்ணுவது தவறு. அவை தண்ணீர்போலத் தாழ்ந்த இடத்தைத் தேடி வழிந்தோடும். வீட்டுத் தரையில் வேலை செய்தால் கதவிடுக்கு வழியாகவாவது வெளியே போகலாம். படகிலோ நான்கு புறமும் சுவர், கீழே துளையற்ற கூடு. உள்தரைக்கும் கூட்டுக்கும் இடையே பில்ஜ் எனப்படும் அடிக்குழி வேறு இருக்கிறது. கனமான ஆவி அங்கே இறங்கி அசையாமல் தங்கிவிடும். தண்ணீரை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட கூடு, ஆவியை உள்ளே நிறுத்துவதிலும் அதே திறமையைக் காட்டுகிறது.

தரைக்கு அடியில் ஒரு கன மீட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். அசிட்டோன் ஆவி காற்றில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டை எட்டினால் தீப்பொறி பட்டவுடன் வெடிக்கும். ஒரு கன மீட்டரில் 2.5 விழுக்காடு என்பது 25 லிட்டர் ஆவி. அறை வெப்பநிலையில் இது ஏறத்தாழ ஒரு மோல், அதாவது 59 கிராம். திரவமாக அளந்தால் 75 மில்லிலிட்டர்! பசை படிந்த தரையில் யாரும் அரைக் குவளை அசிட்டோனோடு நிறுத்திக்கொள்வதில்லை. லிட்டர் கணக்கில்தான் ஊற்றுவார்கள். அசிட்டோன் தீப்பற்றக்கூடிய ஆவியை எழுப்பத் தொடங்கும் வெப்பநிலையோ பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகை. ஆகவே கனடாவின் குளிர்காலத்தில்கூட அதை நம்ப முடியாது.

தீப்பொறி எங்கிருந்து வரும்? அடிக்குழியில் தண்ணீர் ஏறினால் தானாக ஓடும் இறைப்பி இருக்கிறது; மின்கலம் இருக்கிறது; கையில் மின்சாரச் சுரண்டி இருக்கிறது. பெட்ரோல் ஆவிக்கும் இதே குணம் உண்டு என்பதால்தான், இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் காற்றூதியை 4 நிமிடம் ஓடவிட வேண்டும் என்ற எச்சரிக்கைப் பலகை அமெரிக்கப் பெட்ரோல் படகுகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. எனவே எந்தத் திரவத்தைத் திறப்பதானாலும் முதலில் மின்கலத்தைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். வெளியிலிருந்து தூய காற்றை அடிக்குழிக்குள் தள்ளுமாறு விசிறி வைக்க வேண்டும். விசிறி படகுக்கு வெளியே நிற்கட்டும். அதன் மோட்டார் வழியாக ஆவி போகக்கூடாது.

தீப்பற்றாத கரைப்பான் இருந்தால் சிக்கல் தீர்ந்ததே என்று தோன்றலாம். அப்படி ஒன்று இருந்தது, டைகுளோரோமீத்தேன். பெயின்ட் உரிக்கும் குழம்புகளில் பல ஆண்டுகள் இதுவே முதன்மைச் சரக்கு. ஆனால் உடலுக்குள் போனால் அதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. ஆவி அளவுக்கு மீறினால் மயக்கம் வந்து மூச்சே நின்றுவிடும். அமெரிக்காவில் குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை இக்குழம்பால் உரித்த தொழிலாளர்களில் 2000 முதல் 2011 வரை 13 பேர் இறந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்டது. குளியல் தொட்டிக்குள் குனிந்து வேலை செய்தவர்கள் அவர்கள். படகுக்கும் குளியல் தொட்டிக்கும் வடிவத்தில் என்ன வேறுபாடு? பொதுமக்களுக்கு விற்கும் பெயின்ட் நீக்கிகளில் அது இருக்கக்கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் தடை விதித்தது. 2024இல் மேலும் பல பயன்பாடுகளுக்குத் தடையை விரித்தது. பழைய கடைச்சரக்கோ கொட்டகையில் தூங்கும் பழைய டப்பாவோ கிடைத்தால் அதைப் படகுக்குள் கொண்டுபோக வேண்டாம். மனிதருக்கு மட்டுமன்று, படகுக்கும் அது பகைதான். கண்ணாடியிழையைப் பிணைக்கும் பாலியெஸ்டர் பிசினையே அது அரித்துவிடும்.

முதலில் வறட்டுச் சுரண்டல்

ஆகவே திரவம் இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போவதே அறிவுடைமை. வியப்பு என்னவென்றால், பெரும்பாலான தரைகளில் முக்கால் பங்கு வேலை இப்படியே முடிந்துவிடும்.

நன்றாக இறுகி நொறுங்கும் பசைக்குக் கெட்டியான சுரண்டியே போதும். கார்பைடு அலகு உள்ள சுரண்டி சாதாரண இரும்பைவிட நெடுநேரம் கூர்மையாக இருக்கும். அலகைச் செங்குத்தாகப் பிடித்தால் பலகையின் மேல்தோல் பெயரும். ஒட்டுப்பலகையின் மேலடுக்கு மெல்லியது. ஓரிடத்தில் பிய்ந்துவிட்டால் அந்தக் குழியை நிரப்புவது பசையைச் சுரண்டுவதைவிடப் பெரிய வேலை. ஆகவே அலகைச் சாய்த்து, மர ரேகையின் போக்கிலேயே தள்ள வேண்டும். அதிரும் அலகுள்ள மின்கருவி இருந்தால் முதுகுக்கு நல்லது. உப்புத்தாள் இயந்திரத்தை இந்தக் கட்டத்தில் எடுக்கவே கூடாது. உராய்வின் சூட்டில் ரப்பர் இளகி, தாளின் மணல் இடுக்குகளை அடைத்து, ஒரே நிமிடத்தில் தாளைப் பளபளப்பாக்கிவிடும். பசையை நீக்குவதற்குப் பதில் அதை மரத்துக்குள் தேய்த்ததுதான் மிச்சம்.

பிசுபிசுப்பான பசைக்கு வெப்பம் உதவும். சூட்டில் பாலிமர்ச் சங்கிலிகளின் அசைவு கூடி, பசை இளகி, சுரண்டியோடு சுருண்டு வரும். பெயின்ட் உரிக்கப் பயன்படும் சூடான காற்றூதும் கருவி 500 பாகை செல்சியஸுக்கு மேல் போகக்கூடியது. பசைக்கு அவ்வளவு தேவையில்லை. மேலும் இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதாரணப் பாலியெஸ்டர் பிசின் ஏறத்தாழ 60 முதல் 80 பாகையிலேயே விறைப்பை இழக்கத் தொடங்கும். பசை இளகும் வெப்பமும் படகு இளகும் வெப்பமும் அண்டை வீட்டுக்காரர்கள்! வெறும் பலகையில் சற்றுத் தாராளமாக இருக்கலாம். கண்ணாடியிழைப் பூச்சின்மேல் என்றால் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். புகை வந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். நியோபிரீன் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். பசைக்கு அடியில் பழைய ஈயப் பெயின்ட் இருந்தால் ஈயப் புகையும் சேரும். தண்ணீரைக் கலவையாகக் கொண்ட பசைகள் சிலவற்றுக்கு, கொதிநீரில் நனைத்த துணியை விரித்துக் கால் மணி நேரம் விட்டாலே போதும். இதைவிட மலிவான, பாதுகாப்பான முறை இல்லை என்பதால் முதலில் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. மரத்தை ஊறவிடாமல் உடனே துடைத்துவிட வேண்டும்.

வெப்பத்துக்கு எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. ரப்பரை மிகவும் குளிர்வித்தால் அது கண்ணாடிபோல நொறுங்கும். உலர் பனிக்கட்டியின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை. அதைத் தரையில் வைத்து எடுத்துத் தட்டினால் பசை சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கரியமில வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். அதன் மூலக்கூற்று எடை 44. கிண்ணத்தின் கதை மறுபடியும் தொடங்கிவிடும். திறந்த சிறு படகில், நல்ல காற்றோட்டத்தில், ஒரு மூலைக்கு என்றால் சரி. அறையுள்ள படகின் உள்ளே வேண்டவே வேண்டாம்.

கறுப்புப் பசையைப் பற்றிப் பிறகு சொல்வதாகக் கூறியிருந்தேன். பழைய பெரிய படகுகள் சிலவற்றில் கம்பளத்துக்கு அடியில் வினைல் ஓடுகளும், ஓடுகளுக்கு அடியில் தார்ப்பசையும் இருக்கலாம். 1980களுக்கு முந்திய அத்தகைய ஓட்டிலும் பசையிலும் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. கல்நார் இழை காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போனால் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். ஆகவே அதைச் சுரண்டுவதோ தேய்ப்பதோ கூடாது. ஈரப்படுத்தி ஒரு சிறு துண்டை எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே அடுத்த அடி.

இனி திரவம்

எஞ்சிய கால் பங்குக்குத்தான் கரைப்பான். இங்கே 'ஒத்ததே ஒத்ததைக் கரைக்கும்' என்னும் பாடம் கைகொடுக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் ஜோயல் ஹில்டபிராண்டு இதற்கு ஓர் எண்ணையே கொடுத்தார். திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன என்பதன் அளவு அது. ரப்பருக்கு ஏறத்தாழ 17, டொலுயீனுக்கு 18, அசிட்டோனுக்கு 20, தண்ணீருக்கு 48. எண்கள் நெருங்கியிருந்தால் கரையும், விலகியிருந்தால் கரையாது. பின்னர் 1967இல் சார்லஸ் ஹேன்சன் இந்த ஒற்றை எண்ணை மூன்றாகப் பிரித்து, மின்முனைவுத் தன்மைக்குத் தனி எண் கொடுத்தார். அசிட்டோனின் எண் ரப்பரை நெருங்கியிருந்தும் ஏன் கரைப்பதில்லை என்பதற்கு விடை அங்கேதான் உள்ளது. அசிட்டோன் முனைவுள்ளது, ரப்பர் முனைவற்றது.

பலரும் கடைக்குப் போனதும் அசிட்டோனைத்தான் கேட்கிறார்கள். மூக்கைத் துளைக்கும் வாடை இருப்பதால் வலிமையும் அதிகம் என்ற நம்பிக்கை! ரப்பர் ஆய்வுக்கூடங்களில் ரப்பருக்குள் கலந்திருக்கும் பிசினையும் கொழுப்பையும் பிரித்தெடுக்க அசிட்டோனைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் கரையாமல் அப்படியே நிற்கும் என்பதுதான் அதற்குக் காரணம். அதாவது ரப்பர்ப் பசைக்கு அசிட்டோன் ஏறத்தாழ உதவாக்கரை. அதோடு 56 பாகையில் கொதிக்கும் அது, ஊறுவதற்கு முன்னரே பறந்துவிடும்; போகும்போது ஆபத்தை மட்டும் விட்டுச் செல்லும்.

ரப்பரோடு ஒத்துப்போகும் திரவங்களில் சற்றே பாதுகாப்பானவை இரண்டு. ஒன்று, பெயின்ட் கடைகளில் கிடைக்கும் மினரல் ஸ்பிரிட்ஸ். இன்னொன்று, ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனின். பின்னதன் ஆற்றலைக் காண விரும்புவோர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஊதிய ரப்பர்ப் பலூனுக்கு அருகில் ஆரஞ்சுத் தோலைப் பிழியுங்கள். அதன் சாறு தெறித்த மாத்திரத்தில் பலூன் 'பட்' என்று வெடிக்கும்! தெறித்த எண்ணெய் ரப்பர்ச் சுவரைத் தளர்த்திவிடுவதே காரணம். பழத்தின் சாறு என்பதற்காக இதை அப்பாவி என்று கருதிவிட வேண்டாம். 50 பாகையை நெருங்கினால் இதுவும் தீப்பற்றும். காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்த லிமோனின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். நைட்ரைல் கையுறை இவ்விரண்டுக்கும் போதும். அதே கையுறை அசிட்டோனுக்குத் தாங்காது.

முழுத் தரையிலும் ஊற்றுவதற்கு முன், கண்ணில் படாத மூலையில் உள்ளங்கை அளவுக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். 20 நிமிடம் கழித்துச் சுரண்டினால் பசையும் பேசும், அடியிலுள்ள பூச்சும் பேசும். பசை உப்பிப் பூச்சு கலங்காமல் இருந்தால் அதுவே நமக்குரிய திரவம். பின்னர் ஒரு சதுர அடி, இரண்டு சதுர அடி என்று பகுதி பகுதியாகத் துணியில் நனைத்துப் பரப்பி, மேலே நெகிழித் தாளால் மூடிவிட வேண்டும். மூடுவதில் இரட்டை நன்மை. திரவம் பறக்காமல் பசைக்குள் ஊறும். ஆவியும் குறைவாகவே வெளிவரும். திருகாணித் துளைகளை முன்பே நாடாவால் அடைத்துவிடுவது நல்லது. சில படகுகளில் தரைக்கு அடியில் மிதப்புக்காக வெண்ணிறப் பாலிஸ்டைரீன் நுரைக்கட்டி வைத்திருப்பார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும் லிமோனினோ டொலுயீனோ அதை உருக்கிக் குழம்பாக்கிவிடும். மேலே தரை பளிச்சென்று இருக்கும். கீழே படகை மிதக்க வைக்க வேண்டியது காணாமல் போயிருக்கும்!

திரவம் பட்ட தரையில் மறுபடியும் சூட்டுக் கருவியை ஓட்டக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். என்றாலும் சொல்லி வைக்கிறேன். நனைந்த துணிகளைக் குப்பைப் பையில் திணித்து மூலையில் போடுவதும் தவறு. வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய இரும்பு வாளியில் போட்டு மூட வேண்டும்.

பசை போனதா என்று தெரிந்துகொள்வது

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது வேறு, புதுப் பூச்சு பிடிக்கும் அளவுக்குச் சுத்தமாக இருப்பது வேறு. மினரல் ஸ்பிரிட்ஸும் லிமோனினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதன்மேல் அடித்த பெயின்டோ எப்பாக்சியோ சில மாதங்களில் அப்பளம்போலக் கிளம்பிவிடும். ஆகவே சோப்பு நீரால் கழுவித் துடைத்த பின் ஓர் எளிய சோதனை செய்வார்கள். தரையில் சிறிது தூய நீரைத் தெளித்துப் பார்ப்பது. நீர் ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய் இல்லை. தாமரை இலைமேல் தண்ணீர்போல உருண்டு திரண்டால் இன்னும் இருக்கிறது. கண்ணாடியிழைப் பூச்சுக்கு இச்சோதனை மிகப் பொருத்தம். வெறும் மரம் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், எந்தெந்த இடம் உறிஞ்சவில்லை என்று பார்க்க வேண்டும்.

அதன் பிறகுதான் உப்புத்தாளுக்கு வேலை. முரட்டுத் தாளில் தொடங்கி மென்மையான தாளுக்கு வர வேண்டும். அடியில் ஈயப் பெயின்ட் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் சோதிக்காமல் தேய்க்கக்கூடாது. கண்ணாடியிழைத் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் நல்ல முகக்கவசம் கட்டாயம். மரத்தை உலரவிடுவதற்கு அவசரம் கூடாது. ஈரம் 12 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பின்னரே எப்பாக்சி பூச வேண்டும். ஈரம் அளக்கும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கிறது. சில இடங்களில் பலகை மாற்ற வேண்டியிருந்தால் மரைன் பிளைவுட் வாங்குவார்கள். பிரிட்டிஷ் தர எண் 1088 பொறித்த பலகைகளில் நம் மெராந்தி மரத்தால் ஆனவையும் உண்டு. புதிதாக வெட்டிய விளிம்புகளையும் துளைகளையும் எப்பாக்சியால் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே போக வழியில்லை.

இவ்வளவும் முடிந்த பின் படகுக்காரர் முன் மறுபடியும் பழைய கேள்வி வந்து நிற்கும்: புதுக் கம்பளம் விரிப்பதா, வேண்டாமா? பலர் வழுக்காத பெயின்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கம்பளம் வேண்டும் என்பவர்கள், ஓரங்களில் அழுத்துபொத்தான்கள் வைத்துத் தைத்த கம்பளத்தைப் பசை தடவாமல் பொருத்துகிறார்கள். மழை பெய்து ஓய்ந்ததும் அதைக் கழற்றி, உதறி, கரையிலுள்ள வேலிமேல் காயப்போடலாம்.